என் கதவின் மேல் நடந்த கடன் தள்ளுபடிக் கூட்டம்

அனுப்புநர்:
செல்லாத்தாள்,
காலஞ்சென்ற நாச்சிமுத்து மனைவி,
கொழிஞ்சாம்பாறை அருகில், சித்தூர் தாலுகா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: கூட்டுறவுச் சங்கத்தார் ஜப்தி செய்த வாசற்கதவைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நிலக்கடலை விதையும் உரமும் வாங்க எங்கள் ஊர்ச் சங்கத்தில் முந்நூறு ரூபாய் கடன் வாங்கினேன். இரண்டு வருடமாக மழை இல்லை. கடனை இல்லையென்று நான் சொல்லவில்லை. சென்ற ஆனியில் சங்கச் செயலாளர் ஆட்களோடு வந்தார். எடுக்க வேறொன்றும் இல்லாததால் வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போனார். ஜப்தி நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. எனக்குத் தமிழ்தான் படிக்க வரும். கதவைக் கழற்றியபோது நன்றாகவே புரிந்தது.

2. போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஜீப், மாலையில் கடன் தள்ளுபடிக் கூட்டம் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் கூவிப் போனது. யாருடைய கடன் என்று சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. செயலாளருக்குக் கொடுக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு பெண்கள் எல்லோரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது.

3. வெளியூர் அதிகாரி ஒருவர் வெகுநேரம் பேசினார். ஏழை நாடுகளுக்குக் கொடுத்த கடனைப் பணக்கார நாடுகள் சில இனித் திருப்பிக் கேட்கப்போவதில்லையாம். நம் நாட்டுக்கும் அதில் பங்கு உண்டாம். பட்டினி கிடப்பவனிடம் வசூல் செய்வது மனிதத்தன்மை அல்ல என்று மேசையை ஓங்கிக் குத்தினார். முதலில் கைதட்டியவர் செயலாளர். அந்நேரம் ஆடிக்காற்று மேசைவிரிப்பைத் தூக்கியது. இரண்டு தார்ப் பீப்பாய்களின் மேல் கிடந்தது என் கதவு. வெள்ளிக்கிழமைதோறும் நான் வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன.

4. நான் எழுந்து, எங்கள் கடனும் போயிற்றா என்று கேட்டேன். "அது நாட்டுக் கடனுங்கம்மா, உங்களுது சங்கத்துக் கடன். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்றார் செயலாளர். பிறகு பணக்கார நாடுகளின் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதுவும் என் கதவின் மேல் வைத்துத்தான் கையெழுத்தானது. எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறுகாய் போட்டுவிட்டேன்.

5. என் மகள் மயிலாத்தாள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் களையெடுக்கப் போய்விட்டால் திறந்த வீட்டைக் காக்க ஆளில்லை. கதவு போனதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வெளிநாட்டுக் கடனுக்காக டெல்லியில் யார் வீட்டுக் கதவையும் கழற்றியதாகத் தெரியவில்லை. கழற்றியிருந்தால் அதிகாரி அதையும் பேசியிருப்பார்.

கடனை ரத்து செய்யக் கேட்கும் அளவுக்கு நான் ஒரு தேசம் அல்ல. அறுவடை ஆனதும் கட்டிவிடுகிறேன். கதவை மட்டும் உடனே திருப்பித் தர உத்தரவிட வேண்டுகிறேன். உத்தரவு கொண்டுவரும் சேவகர் தெருவிலேயே நின்று தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும். தட்டக் கதவில்லை, மயிலாத்தாள் அரிவாளோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கொழிஞ்சாம்பாறை,
11.8.1978

இப்படிக்கு,
தங்கள் ஜில்லாவில் கதவில்லாமல் குடியிருக்கும்
செல்லாத்தாள்