புதிய ஆம்ப்பில் கேட்டது

சுவா சூ காங்
ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா அக்காவுக்கு,

இல்லை அக்கா, என் பேஸ் கிட்டாரை இணைக்கும் அந்த ஒலிபெருக்கிப் பெட்டி, பழைய ஆம்ப், கெட்டுப்போகவில்லை. வீட்டில் தனியாக வாசிக்க இன்றும் அது போதும். இசைக்குழுவோடு வாசிக்கத்தான் போதவில்லை. டிரம்ஸ் தொடங்கியதும் என் பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று எனக்கே கேட்காது. ஒலியைக் கூட்டினால் பெட்டி அதிரும், சுரம் வராது. முன்பெல்லாம் சுரேந்தரின் கையைப் பார்த்து வாசித்துவிடுவேன். உங்கள் தம்பி இறந்த பிறகு பார்க்கக் கை இல்லை. அவன் பதிவு செய்து வைத்துப்போன டிரம்ஸ் மட்டும் ஸ்டூடியோ ஸ்பீக்கரில் வருகிறது. அதோடு நாங்கள் மூன்று பேர் வாசிக்கிறோம். காதை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. பெரிய ஆம்ப் வேண்டியிருந்தது. முதலில் அவ்வளவுதான்.

ஆங் மோ கியோ போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மீன் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சுரேந்தரின் அறைக் கதவு மூடியே இருக்கிறது. நானும் திறக்கச் சொல்லவில்லை.

ஆம்ப் வாங்கப் போன கடையின் கடைக்காரர் பெயர் அப்துல் கஃபார். எத்தனை வாட் என்று அவர் பேசவே இல்லை. “உங்க டிரம்மர் எவ்ளோ பலமா அடிப்பாரு, தங்கச்சி?” என்றுதான் கேட்டார். தனியாக வாசித்துப் பார்த்தால் எந்த ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும், டிரம்ஸோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும், ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். டிரம்மரால் வர முடியாது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு, வேறு யாரோடோ பேச உள்ளே போனார். நான் என் கைப்பேசியைக் கடையின் ஸ்பீக்கரில் இணைத்து, சுரேந்தரின் பதிவை ஓடவிட்டு வாசித்தேன்.

முதல் முறையாக என்னை நானே கேட்டேன். ஒவ்வொரு சுரமும் எங்கே விழுகிறது என்று தெரிந்தது. இரண்டாம் சரணம் முடியும் இடத்தில் நான் எப்போதும் பிந்துவேன். “சிவானி மறுபடி பஸ்ஸ விட்டுட்டா” என்று அவன் உங்களிடமும் சொல்லிச் சிரித்திருப்பான். கடையிலும் அங்கே பிந்தினேன்.

டிரம்ஸ் நின்றது.

ஒரு மூச்சு அளவு. நான் வந்து சேர்ந்ததும் தொடர்ந்தது.

கஃபார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “யாரு டிரம்ஸ்? நீங்க தடுமாறுறப்ப நின்னு கூட்டிட்டுப் போறாரே. நல்ல மனுஷன் லா.” பதிவு என்றேன். சிரித்தார். கைப்பேசியைப் பார்த்தார். பிறகு அந்த ஆம்ப்பை எடுத்துக்கொள்கிறேனா என்று மட்டும் கேட்டார்.

எடுத்துக்கொண்டேன். எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரும் அளவுக்குத்தான் இருக்கிறது.

வீட்டில் அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டேன். எங்கும் நிற்கவில்லை. பல முறை கேட்டேன். சீராக ஓடுகிறது. நான் வாசிக்காதபோது அவனுக்கு நிற்க வேண்டிய தேவை இல்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும் அக்கா. படித்தவள்தான் நான். துக்கம் காதில் என்னென்ன செய்யும் என்று படித்திருக்கிறேன்.

அதனால் சோதித்தேன். ஃபேரர் பார்க்கில் நாங்கள் பயிற்சி செய்யும் ஸ்டூடியோவில், பாட்டின் அதே இடத்தில், வேண்டுமென்றே விரலை எடுத்தேன். டிரம்ஸ் நின்றது. நான் தந்தியைத் தொடவில்லை. அறையில் ஏசி சத்தம் மட்டும். பிறகு டிரம்ஸ் முக்காலி கிரீச்சிடும் சத்தம், உட்கார்ந்திருப்பவர் இடுப்பைத் திருப்பிப் பார்த்தால் வருமே, அது. எங்கள் அறையில் இப்போது முக்காலி கிடையாது. திலீப் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ஏன் பாட்டை நிறுத்தினாய் என்று என்னைத்தான் கேட்டான். அவனுக்கு நான் நிறுத்தியது மட்டும் கேட்டிருக்கிறது, கஃபாருக்குக் கேட்டதுபோல் டிரம்ஸ் நின்றது கேட்கவில்லை. நான் தந்தியைத் தொட்டேன். டிரம்ஸ் தொடர்ந்தது.

எவ்வளவு நேரம் விட்டிருந்தாலும் சுரேந்தர் எனக்காக நின்றிருப்பான் என்று தோன்றியது. பயம் அதில்தான். அவன் வந்ததில் இல்லை.

தீபாவளி மாதத்தில் லிட்டில் இந்தியாவில் எங்களுக்கு ஒரு மேடை கிடைத்திருக்கிறது. பதிவோடு மேடை ஏறக் கூடாது என்கிறான் திலீப். “எத்தன நாள் சிவானி இப்படி? உயிரோட ஒரு ஆள் வேணும் லா.” பிரேம் என்று ஒரு டிரம்மர், நன்றாக அடிப்பானாம், சனிக்கிழமை வருகிறான். அவன் வந்தால் சுரேந்தரின் பதிவுகளை இனி ஓடவிட மாட்டோம். திலீப் சொல்வது சரி. உங்களிடமும் கேட்டுவிட்டதாகச் சொன்னான். நீங்கள் சம்மதித்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் பதிவை நிறுத்திவிட்டால் சுரேந்தர் எங்கே நிற்பான்? அந்தச் சரணத்தின் முடிவில், நான் வருவேன் என்று.

அவனைப் போகச் சொல்ல நானே முயன்றேன் அக்கா. வாய் வரவில்லை. அவன் இருந்தபோது சொல்ல வேண்டியதற்கும் வரவில்லை. நீங்கள் அவனைத் தூக்கி வளர்த்தவர். உங்கள் பேச்சுக்கு அவன் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அவன் சாம்பலைக் கரைத்த கடல் நீங்கள் இருக்கும் பெர்த் வரைக்கும் வருகிறது. ஒரு நாள் கரைக்குப் போய்ச் சொல்லுங்கள். அவளுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது, பிந்தினாலும் தானே வந்துவிடுவாள், நீ போடா என்று. கோபமாகச் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் என்று அம்மா சொன்னார்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
சிவானி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு பிரேமை அழைத்தேன். சனிக்கிழமை வர வேண்டாம், டிரம்ஸுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.