இந்தமுறை ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான்

சேசு மரி சூசை துணை

பேசாலை
3.11.2007

பாசமுள்ள பேரன் ஜெறாட்டுக்கு அம்மம்மா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் பிரான்சுக் குளிருக்குப் போர்த்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தைச் சுவாமியார் கொழும்புக்குக் கொண்டுபோய் விரைவுத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நின்றுகொண்டு வாசிக்காதே. இருந்து வாசி.

நத்தார்ப் பெருநாளுக்கு இங்கே வர ரிக்கெற் போட்டுவிட்டாயாம். "அம்மம்மாவை உயிரோட ஒருக்காப் பாக்கவேணும்" என்று அடுத்த வீட்டுச் செபமாலையிடம் போனில் அழுதாயாம். அந்த மனுசன் வந்து அப்படியே என் முகத்துக்கு நேரே ஒப்புவித்தார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் தந்தி வாசித்தவர், சாவுச் செய்தியென்றாலும் குரல் மாறாது.

நீ வராதே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் அகதி வழக்கு முடியமுதல் இங்கே வந்தால் திரும்பிப் போகவிடமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். புரட்டாதியில் எனக்கு விலாப் பக்கம் குத்தி வலித்தது. சிறுநீரகத்தில் கல் என்றார்கள். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தோம். கல் இருந்தது, அது சின்னது, தண்ணீர் குடித்தே போய்விட்டது. ஆனால் கல்லைத் தேடிய படத்தில் கேட்காத ஒன்றும் விழுந்திருந்தது. இடுப்பெலும்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. டொக்டர் உன் அம்மாவை மட்டும் வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். திரும்பி வந்தவளின் கண் சிவந்திருந்தது. "ஒண்டுமில்லையம்மா" என்றாள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் என்ன சொல் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்குப் புற்று என்று தெரிந்த அன்று நாங்கள் எல்லோரும் அவரிடம் சொன்னது அதைத்தான். உண்மையான ஆஸ்பத்திரித் துண்டை அரிசி ரின்னுக்குள் ஒளித்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் துண்டை வாங்கி உன் கையில் தந்தேன். பதினைந்து வயதில் நீ அதை இங்கிலீசில் வாசித்து, "ஒண்டுமில்லையாம் தாத்தா, வாயுவாம்" என்றாய். அவர் சிரித்தார். நாலு மாதத்தில் போய்விட்டார். வாசிக்கவைத்தவள் நான். அந்தப் பாவம் உன்னுடையதல்ல.

ஆகவே உன் அம்மா போனில் "ஒண்டுமில்லை" என்றதும் நீ நம்பாததில் பிழையில்லை. நானும் நம்பவில்லை. மூன்று கிழமை, சாகப்போகிறேன் என்றுதான் நடமாடினேன்.

முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எண்பத்தெட்டில் கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பைப் படம் எடுத்தோமல்லவா? தொண்ணூறில் நாங்கள் இந்தியாவுக்கு ஓடியபோது அலுமாரியோடு விட்டுப்போனோம். திரும்பி வந்து பார்த்தால், அலுமாரியைத் தூக்கினவன் படத்தை மட்டும் நிலத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தான். என் எலும்பு அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. பிறகு சூரிய கிரகணம் பார்க்கிறேன் என்று நீ ஒரு மூலையை வெட்டினாய், அதற்கு உனக்கு அகப்பைக் காம்பால் அடியும் விழுந்தது. நல்லகாலம், தொடைப் பக்கம்தான் வெட்டியிருந்தாய்.

அந்தப் படத்தோடு மறுபடியும் பிரயாணம். ஆமியிடம் போகவர பாஸ் எடுத்து, மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கி, சாமான்களைக் கொட்டிக்காட்டி, வரிசையில் நின்று, வேறு பஸ் ஏறி. எழுபத்திரண்டு வயதில் ஒரு மாதத்தில் இரண்டு தரம். ஒரு ஆமிக்காரப் பையன் படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, ஏதோ நாட்டு வரைபடம் என்று நினைத்தானோ தெரியாது, சிங்களத்தில் இது என்ன என்று கேட்டான். நான் என் இடுப்பைத் தட்டிக்காட்டினேன். அவனுக்கே வெட்கம் வந்து போகச் சொன்னான்.

இந்தமுறையும் டொக்டர் உன் அம்மாவைத்தான் கூப்பிட்டார். நான் கதிரையைவிட்டு எழும்பவில்லை. "வெளியில கூப்பிடாதேங்கோ ஐயா. எலும்பு என்ரை. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள், சொன்னா விளங்கும்" என்றேன். அவர் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. சிரித்துவிட்டு, இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அந்தப் பொட்டு இருந்தது, ராசா. அதே இடம், அதே அளவு. ஒரு நெல்லுக் கனம்கூட வளரவில்லை. "கெட்டது எண்டா இவ்வளவு காலம் சும்மா இருக்காது அம்மா. எலும்புக்குள்ளயே எலும்பு கொஞ்சம் இறுகி நிக்கிது. மருந்தும் வேணாம், வெட்டவும் வேணாம். இதை நாங்க எலும்புத் தீவு எண்டு சொல்றது" என்றார்.

"மன்னார்த் தீவில பிறந்தவளுக்கு வேறை என்ன வரும்" என்றேன். அந்தத் தீவுக்காவது பாஸ் தேவையில்லை.

டொக்டர் எழுதித் தந்ததைப் பிரதி எடுத்து இதனுள் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு டொக்டரிடம் காட்டு. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். இது யாருடைய துண்டோ என்பாய். எங்கள் வீட்டுக் கடதாசியை நம்பாதே என்று உனக்குப் பழக்கியவளே நான்தானே.

நீ நம்புவதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. இந்த ஆறு வருஷமாக உனக்கு ஒளித்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். ஒளிப்பவள் இதையெல்லாம் எழுதமாட்டாள் என்று நீயே யோசி.

சமையல் குசினியை இடித்துப் புதிதாகக் கட்டினோம் என்று எழுதினேன். நாங்கள் இடிக்கவில்லை. போன வருஷம் ஷெல் விழுந்தது. நாங்கள் பூசையில் இருந்தோம், அதனால் பிழைத்தோம். தாத்தாவின் வள்ளத்தை உறவுக்காரர் தொழிலுக்கு வைத்திருக்கிறார் என்றேன். அது கரையிலேயே எரிந்துபோயிற்று. உன் அம்மாவுக்கு இடக்காது கேட்பதில்லை. அதனால்தான் போனில் நீ ஒன்று கேட்க அவள் ஒன்று சொல்கிறாள்.

அடுத்ததை எழுத ஒரு பகல் முழுக்க எடுத்தது. தோமஸ் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று எழுதினேன். போகவில்லை. உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளை. ஆவணியில் சந்திக்குப் பாண் வாங்கப் போனவனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்றுவரை தகவலில்லை. அவன் தாய் லூர்தம்மா ஏறாத முகாமில்லை, கொடுக்காத மனுவில்லை. "உங்கட பேரனாவது அங்காலை நிக்கிறான், அவனை இங்கால விட்டிடாதேங்கோ அக்கா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். தன் பிள்ளையைக் கேட்டு அழுகிறவள், என் பிள்ளைக்காகவும் அழுதாள். அவனுக்கும் உன் வயதுதான். இருபத்துநாலு. இப்போது புரிகிறதா ஏன் வராதே என்கிறேன் என்று?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் "நீ அங்கே நன்றாக இருந்தால் போதும், எனக்குப் பார்க்கவேண்டும் என்றில்லை" என்று எழுதிவந்தேன். பொய். அந்த மூன்று கிழமையும் சாகப்போகிறேன் என்று நினைத்தேன் என்றேனே, அப்போது எனக்குப் பயம் வரவில்லை ராசா. சாவென்றால் பேரன் வருவான் என்றுதான் நினைத்தேன். உன் தலையணையை வெயிலில் போட்டேன். மெத்தைக்கு உறை தைத்தேன். உனக்கென்று பாரைக் கருவாடு கட்டிவைத்தேன். டொக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னபோது உன் அம்மா அழுதாள், எனக்கு மட்டும் மனம் ஒரு முழம் இறங்கியது. கடவுள் என்னை மன்னிக்கட்டும். உனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே, வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இதற்குமேல் ஒளிக்க என்னிடம் எதுவுமில்லை. இப்போதாவது நம்பு. இந்தமுறை ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான்.

ரிக்கெற்றைத் திருப்பிக்கொடு. கொடுத்துவிட்டுச் செபமாலைக்குப் போன் எடுத்து, "வரேல்லை" என்று ஒரு சொல் சொல். அவர் வந்து அப்படியே வாசிப்பார். அதைக் கேட்டபிறகுதான் நான் சரியாக நித்திரை கொள்வேன். கேட்டதும் அழுதேன் என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நீ இருக்கும் இடத்தில் உன்னை மாதா வைத்துக் காக்கட்டும். உன் காலை அங்கேயே கட்டிப்போடட்டும், நான் எவ்வளவு மன்றாடினாலும் அவிழ்க்காமல்.

உன்னைப் பார்க்க ஆசையுள்ள
அம்மம்மா
திரேசம்மா