இழுக்கும் என்று சொன்ன வண்டி

என் உயிர் மச்சான் முரளிக்கு,

உன் தங்கை வித்யா நேற்று என்னை அடித்தாள். அறைந்தாள் என்று எழுதினால் போதாது. காருக்குள்ளேயே சட்டையைப் பிடித்து இழுத்து, கை ஓயும்வரை அடித்தாள். உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். காரணம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே பெயருள்ள வெள்ளைக் காரை வாங்கினோமே. உன்னுடையது பழைய மாடல், என்னுடையது நாலு வருஷம் கழித்து வந்தது. விமான் நகரில் உன் பார்க்கிங்கில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எது யாருடையது என்று வித்யாவே குழம்புவாள். வித்தியாசமெல்லாம் பானெட்டுக்குள்ளேதான். மைலேஜைக் கூட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் இடையில் என்ஜினைச் சின்னதாக்கிவிட்டான், இழுவையும் குறைந்துபோனது. புது வண்டி என்றால் எல்லாமே கூடத்தான் இருக்கும் என்று நீ நம்பினாய். நான் உன்னைத் திருத்தவில்லை. "மைலேஜும் ஜாஸ்தி, பிக்கப்பும் ஜாஸ்தி மச்சான். உன்னோடது சரியான பெட்ரோல் குடிகாரன்" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைச் சீண்டினேன்.

உண்மை எனக்குத் தெரியும். லோனாவளா ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்தப் போய், வண்டி இழுக்காமல், வேர்த்து விறுவிறுத்துப் பின்வாங்கியிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல வீம்பு விடவில்லை.

அன்றைக்கு உன் வண்டி சர்வீஸில் இருந்தது. மாண்காவ் ஊரில் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும் தாம்ஹிணி மலைப்பாதையில் ஏறி வந்தோம். என் வண்டியை நீ ஓட்டினாய். முன்னால் மூங்கில் ஏற்றிய டெம்போ ஊர்ந்துகொண்டிருந்தது.

"முந்திடவா மாப்ளே? இழுக்குமா?" என்று கேட்டாய்.

"இழுக்கும், போ" என்றேன்.

மிதித்தாய். என்ஜின் கத்தியதே தவிர வண்டி ஏறவில்லை. டெம்போவின் பாதியைக்கூடத் தாண்டாமல் எதிர்ப்பக்கத்தில் நாம் மாட்டிக்கொண்டிருந்தபோது வளைவிலிருந்து லாரி இறங்கியது. உன் பக்கக் கதவு முழுக்க உள்ளே வந்தது. ஸ்டியரிங் உன் நெஞ்சுக்குள் இருந்தது. உன் ரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. அந்தக் கடைசி நொடியில் என்ன நினைத்தாய்? நான் சொன்னது பொய் என்று புரிந்ததா?

டெம்போ நிற்காமல் போய்விட்டது. நான் லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு, அவன் லாரியில் கிடந்த இரும்புக் கம்பியாலேயே அவனை அடித்தேன். "சாஹேப், மாஜி சூக் நாஹி" என்றான். என் தப்பில்லை ஐயா என்று மராத்தியில் கெஞ்சினான். அவன் அதைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு வெறி ஏறியது. முழங்கை எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டும் நான் நிறுத்தவில்லை. பிறகு போலீஸில், நாங்கள் முந்தி முடித்து எங்கள் பக்கம் வந்துவிட்டோம், லாரிதான் கோடு தாண்டி வந்து இடித்தது என்று எழுதிக் கொடுத்தேன். அவன்மேல் கேஸ் நடக்கிறது.

நீ போன பிறகு உன் வண்டி கோர்படிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்று வித்யா அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். உன் வண்டியில்தான் போனோம். அதே ஏற்றம், முன்னால் ஒரு பால் வண்டி. எதிரே காலியாக இருந்தது, மிதித்தேன். பாவி வண்டி பாய்ந்தது மச்சான். கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிட்டது.

"பழசே இப்படிப் போகுதே. உங்களோடது இன்னும் வேகமா தாண்டியிருக்கும்ல?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள்.

வண்டியை ஓரங்கட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அடித்தாள்.

மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, "இழுக்குமானு அண்ணன் கேட்டானா?" என்றாள்.

"கேட்டான்."

அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. இறங்கிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வந்து கதவைத் திறக்கும்போது, "கோர்ட்டுல சொல்லு" என்றாள்.

சொல்வேன் மச்சான். திங்கட்கிழமை என் சாட்சி. கையை நீட்டி மடக்க முடியாத அந்த லாரி டிரைவர் எதிரே நிற்பான். பொய் சொன்னதற்கும் அவனை அடித்ததற்கும் என்னை உள்ளே வைக்கட்டும். அவன் தப்பில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நீ கேட்டாயே, அதற்கு அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் அங்கே சொல்வேன்.

இழுக்காது மச்சான். போகாதே.

உன் தங்கைக்கு இன்னும் புருஷன்தானா என்று தெரியாத,
உன் மாப்ளே,
சேகர்