வண்டி நிண்டுபோச்சு

அப்பா,

நேற்று அத்தானின் புதுப் பிக்கப்பில் ஆலங்கேணிக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் புது ரெக்சின் மணம் முகத்தில் அடித்தது. சீற்றின் மேல் சுற்றி வந்த பொலித்தீனை அத்தான் இன்னும் கழற்றவில்லை, அசைந்தால் சரசரக்கிறது. பெற்றோல் மணம் துளியும் இல்லை. ஈரச்சாக்கு மணமும் உங்கள் சுருட்டு மணமும் இல்லை. மூக்கு அவற்றைத் தேடியது. தேடத் தேட, நீங்கள் என் பக்கத்தில் வந்து இருந்துவிட்டீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம். இதுவரை உங்களுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்தவர்களின் துக்கத்தைப் புத்தகங்களில் படித்துப் பழகியவளுக்குத் தன்னுடையதை எழுத வெட்கமாக இருந்தது. இன்று எழுதக் காரணம் வேறு. ஆஸ்பத்திரி விறாந்தையில் உங்களுக்குக் கொடுத்த வாக்கை நேற்று பாதி உடைத்துவிட்டேன். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உங்கள் பிக்கப்பை அத்தான் எப்போதும், ஓட்டை வண்டி என்ற கேலியோடு, ‘சகடை’ என்றுதான் சொல்வார். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தது. நீங்கள் பூசிய பச்சை உரிந்த இடமெல்லாம் கடற்படைச் சாம்பல் நிறம் தெரியும். முன்கண்ணாடியைக் கீழ்ப்பக்கத்தால் தள்ளித் திறந்தால் கடற்காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். காலடித் தகட்டில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. மடியில் புத்தகத்தோடு வரும்போது எழுத்துகளுக்கு அப்பால் நிலாவெளி ரோட்டு ஓடிக்கொண்டிருக்கும். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைக் குழைத்து அப்புவீர்கள். உதிரிப்பாகம் எதுவும் வராத காலம் அது. கம்பியும் தோல்வாரும் உங்கள் பிடிவாதமும்தான் அதை ஓட்டின.

அதன் செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப் பல வருடம். அதனால் நீங்கள் சமதரையில் வண்டியை விடவே மாட்டீர்கள். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையின் சரிவில், மூக்குக் கீழ்நோக்க, ரயருக்குக் கல்லுக் கொடுத்து நிற்கும். காலையில் கல்லை எடுத்தால் உருண்டு, பத்து யார் தூரத்தில் இருமிக்கொண்டு எழும்பும். சரிவில்லாத இடத்தில் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். சூடேறிய என்ஜின் என்றால் அதற்கும் இலேசில் மசியாது. ஆகவே கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அது வெளியே உறுமிக்கொண்டே நிற்கும்.

கிண்ணியாவில் வாகனங்களை ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறிய வாகனம் என்ஜினை நிறுத்தவேண்டும், அது சட்டம். உங்களுக்கு மட்டும் விலக்கு. “இவரை விடுங்க. இவர்ர என்ஜின நிப்பாட்டினா நாமதான் தள்ளணும்” என்று பாதைக்காரர் சிரிப்பார்கள்.

நேற்றும் அதே பாதை. அத்தான் ஓட்ட, நடுவில் அக்கா, ஓரத்தில் நான்.

“என்ன முதலாளி, புதுப் பொண்ணு மாதிரி மினுங்குது” என்றார் பாதைக்காரர். “எலுமிச்சம்பழம் இன்னும் ரயர்ல ஒட்டிக்கிடக்கு. என்ஜின நிப்பாட்டுங்க.”

அத்தான் பெருமையோடு சாவியைத் திருப்பினார். அக்கரை வந்ததும் மறுபடி திருப்பினார். சத்தமே இல்லாமல் வண்டி உயிர்த்தது. காலடியில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான்.

“பாத்தியளே மச்சாள்? அரைத் திருகல். உங்கட அப்பான்ர சகடை எண்டால் இப்ப நீங்கள் ரெண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நிப்பியள்.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அண்டைக்கு இது இருந்திருந்தால் என்ர பிள்ளைக்கு இப்ப ஏழு வயசு.”

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை பொலித்தீனை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்த மார்கழியில் எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்கு உதவியாக ஆலங்கேணியில் நின்றேன். அத்தான் நெல்லு விஷயமாகப் பொலன்னறுவைக்குப் போயிருந்தார். நாளுக்கு இரண்டு கிழமை முன்னதாக வலி வந்துவிட்டது. நல்லகாலம், தேங்காய் கொண்டுவந்த நீங்கள் முற்றத்தில் இருந்தீர்கள். பார்க்க வந்த மருத்துவிச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பிள்ளை குறுக்கால கிடக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. சுணங்காதேங்கோ.”

முன் சீற்றில் அக்காவைக் கிடத்தினோம். அவளுடைய தலை என் மடியில். நீங்கள் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பு, “பொறு பிள்ளை, பொறு” என்றீர்கள். எங்களிடமா, வண்டியிடமா என்று தெரியவில்லை.

பாதையில் ஒரு விறகு லொறி எங்களுக்கு முன்னால் ஏறியது. நாங்கள் அதன் முதுகோடு முட்டிக்கொண்டு நின்றோம். பின்னால் ஒரு மாட்டு வண்டில். பாதி வழியில் வாடைக்காற்றும் நீரோட்டமும் சேர்ந்து பாதையைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கின. கம்பு ஊன்ற ஆள் வரச்சொல்லிப் பாதைக்காரர் கத்தினார்கள். நீங்கள் இறங்கினீர்கள். என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் நகரச் சொன்னீர்கள்.

“காலை இதில வை. சத்தம் இறங்கினால் மெல்ல மிதி. சாவியைத் தொடாதை.”

நின்ற இடத்தில் அந்த வண்டி எப்படிக் குலுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கதவு, கண்ணாடி, பல்லு எல்லாம் சேர்ந்து நடுங்கும். காற்று புகையைத் திருப்பி உள்ளே அடித்தது. அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

“நிப்பாட்டடி. வயித்துக்குள்ள குலுக்குது.”

“ஏலாதக்கா. அப்பா தொடவேண்டாம் எண்டவர்.”

“ஒரு நிமிஷம். கும்பிட்டன், நிப்பாட்டு.”

மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பினேன்.

எல்லாம் அடங்கியது. தண்ணீர் பலகையில் தட்டுவது கேட்டது. அக்காவின் நெற்றி தளர்ந்தது. நீண்ட மூச்சொன்று விட்டு என் விரல்களை அழுத்தினாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் சரியானதைச் செய்துவிட்டேன் என்றே நம்பினேன். பிறகு உங்களைப் பார்த்தேன். பாதையின் முனையில், கையில் கம்போடு, சத்தம் நின்ற திசைக்குத் திரும்பியிருந்தீர்கள். அப்படி ஒரு முகத்தை உங்களிடம் அதற்கு முன்பும் பின்பும் நான் காணவில்லை.

ஹாண்டில் செருக இடமில்லை. லொறியின் பின்பக்கம் எங்கள் பொனற்றோடு ஒட்டிக்கிடந்தது. பாதை கரையைத் தொட்டு, கட்டி, லொறி இறங்கும்வரை நீங்கள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். பிறகு சுற்றினீர்கள். பத்து முறை, பதினைந்து முறை. ஒருமுறை அது எதிர்த்துத் திரும்பி உங்கள் மணிக்கட்டில் அடித்தது. லொறிக்கார முஸ்லிம் அண்ணன், காக்கா என்போம், ஓடிவந்து ஹாண்டிலைப் பறித்தார்.

“விடுங்கண்ணன், நான் சுத்துறன். இல்லாட்டி புள்ளய என்ட லொறில ஏத்துங்க.”

இருவருமாக அக்காவைத் தூக்கப் பார்த்தீர்கள். அவள் அலறிய அலறலில் கையை எடுத்துவிட்டீர்கள்.

“டேய், எல்லாரும் வாங்கடா! தள்ளுங்க!” என்று காக்கா கரையைப் பார்த்துக் கத்தினார்.

இறங்குதுறையின் ஈரப்பலகை மேல்நோக்கி ஏறுகிறது. பத்துப் பேர் தள்ளினார்கள். இரண்டு முறை வழுக்கிப் பின்னால் வந்தது. மேலே ரோட்டில் ஏற்றி, ஓடித் தள்ளி, ஒருவழியாக அது இருமியது. இருபது நிமிடம் இருக்கும். பிறகு ஊரார் கதையில் அது ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளை. “கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஒருவேளை...” என்று டொக்டர் சொல்லவந்ததை முடிக்கவில்லை. விறாந்தையில் நீங்கள் வீங்கிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். அக்கா கேட்டதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் முதலில் கேட்டது இதுதான்.

“அவளுக்கு நினைவிருக்கோ?”

“தெரியாது. மயக்கத்தில இருந்தவ.”

“அவள் கேட்டவள் எண்டது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நீ நிப்பாட்டினாய் எண்டதும் வேண்டாம். நீ எண்டால், ஏன் எண்டு கேப்பினம். அது அவளிட்டத்தான் போய் நிக்கும். வண்டி நிண்டுபோச்சு. அவ்வளவுதான்.”

மறுநாள் வந்த அத்தான் கட்டிலைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்தார். “இந்தச் சகடையை நம்பி என்ர மனிசியை ஏத்தினியளே மாமா!”

“வண்டி நிண்டுபோச்சு தம்பி” என்றீர்கள்.

அந்த ஒரு வசனத்தை ஏழு வருடம் சொன்னீர்கள். கலியாண வீட்டில் சொன்னீர்கள், செத்தவீட்டில் சொன்னீர்கள். பிறகு அக்காவுக்கு ஒரு பிள்ளையும் தங்காதபோது, அத்தானின் பேச்சு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூராகியபோது, அதே வசனம். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளை போன மூன்றாம் மாதம் வண்டியைக் குச்சவெளிக் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டு பஸ்ஸில் வந்தீர்கள். பிறகொரு நாள் நாங்கள் நிலாவெளியில் பஸ்ஸுக்கு நின்றபோது அது கூடைகள் அடுக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. பொனற்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சத்தம் மறைந்தபின், “கார்பரேற்றரைக் கழுவேல்லப் போல” என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பழைய வண்டிகளுக்காக ஏங்குகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். கப்பல் கப்பலாக ஜப்பான் வண்டிகள் வந்திறங்க, ஆளுக்காள் அந்தக் காலத்து இரும்பைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களோடு சேர எனக்கு வாய் வருவதில்லை. அத்தானின் வண்டிக் கதவைப் பெருவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே போய் ‘டொப்’ என்று திரும்பி வருகிறது. உங்களுடையதில் தென்னை விழுந்தாலும் தென்னைக்குத்தான் சேதம். ஆனாலும் அன்று எங்களிடம் இந்தத் தகரம் இருந்திருந்தால், நான் சாவியைத் திருப்பி அணைத்திருப்பேன், திருப்பி எழுப்பியிருப்பேன். அக்கா ஒரு நிமிடம் ஆறியிருப்பாள். யாரும் எதையும் மறைக்க வேண்டி வந்திராது. அத்தான் சொல்வது சரி. புதியவை பிழைவிட்டவரை மன்னிக்கின்றன. உங்களுடையது தன் குணம் தெரிந்தவருக்கு எல்லாம் கொடுத்தது. தெரிந்தும் கைவைத்தவளை விடவில்லை. இதெல்லாம் தெரிந்தும், அந்த ஓட்டையால் ஓடிய ரோட்டுக்காக நானும் ஏங்குகிறேன். என்ன செய்ய?

நேற்று, “என்ர பிள்ளைக்கு ஏழு வயசு” என்று அத்தான் சொன்னபோது நான் வழக்கம்போல வெளியே பார்த்திருக்கலாம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. வண்டியைக் கரையேற்றிக்கொண்டே, “மாமா நல்ல மனிசன்தான். ஆனால் தன்ர இரும்பில இருந்த விருப்பம் தன்ர பிள்ளையில இருக்கேல்ல” என்றார்.

“அத்தான், வண்டியை ஓரமா விடுங்கோ.”

“ஏன், தலை சுத்திச் சத்தி வருதோ?”

“வண்டி தானா நிக்கேல்ல. நான்தான் நிப்பாட்டினனான். அப்பா சாவியைத் தொடாதை எண்டவர். நான் தொட்டனான்.”

வண்டி ஓரத்தில் நின்றது. என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்?” என்றார் அத்தான்.

நீங்கள் பயந்த அதே கேள்வி, அப்பா. சொன்ன கணத்திலேயே அது வந்துவிட்டது. அக்காவின் மூச்சு என் தோளில் பட்டது.

“பாதைக்காரர் நிப்பாட்டச் சொல்லிக் கத்தினவை. பயந்து நிப்பாட்டிப் போட்டன்.”

எத்தனையோ வருடம் உங்களை நிப்பாட்டச் சொல்லாத அந்த மனிதர்கள் மேல் பொய் சொன்னேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். “அந்த மனிசன் ஏன் ஒரு நாளும் என்னட்டைச் சொல்லேல்ல?” என்று கேட்டார். பிறகு, “நான் எத்தினை பேருக்கு முன்னால ஏசினனான்” என்றார். வண்டியை எடுத்து வீடுவரை ஓட்டினார். இறங்கியதும் வயற்பக்கம் நடந்து போய்விட்டார். என்னோடு இனி எப்படிக் கதைப்பார் என்று தெரியாது. கதைக்காமலும் விடலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

பின்னேரம் குசினியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். துருவலைச் சத்தம் நின்றது.

“பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கோணும்.”

“கேளுங்கோ.”

“அண்டைக்கு நான் ஏதும் சொன்னனானே? பாதையில?”

வெங்காயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தினால் தெரிந்துவிடும்.

“இல்லையக்கா. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனீங்கள்.”

“ஒண்டுமே சொல்லேல்லையோ?”

“ஒண்டுமே சொல்லேல்ல.”

கையில் பாதித் தேங்காயோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து துருவத் தொடங்கினாள், முன்னிலும் மெதுவாக.

நம்பினாளா, அப்பா? ஏழு வருடமும் அவளுக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்குமா, அல்லது நேற்று நான்தான் அதைக் கிளப்பிவிட்டேனா? உங்கள் பெயரில் இருந்த பழியை இறக்கிவிட்டேன், அதற்காக வருந்தவில்லை. ஆனால் நீங்கள் ஏன் அதை இறக்க விடவில்லை என்பது நேற்றுக் குசினியில்தான் முழுதாகப் புரிந்தது. ‘கும்பிட்டன், நிப்பாட்டு’ என்ற குரலை இதுவரை நாங்கள் இருவர் வைத்திருந்தோம். இப்போது நான் மட்டும். அக்கா இன்னொரு நாளும் கேட்பாள். அன்றும் அவளுடைய முகத்தை நேரே பார்த்து, இல்லை என்பேன்.