அசல்தான் வேண்டுமாம்

கரியமாணிக்கம்
10.2.2025

அன்பு மகள் செல்வகுமாரிக்கு,

நலம். உன் ஆஸ்பத்திரி தானமாகக் கொடுத்து நீ கப்பலில் அனுப்பிய பன்னிரண்டு சக்கர நாற்காலிகளும் சென்னைத் துறைமுகம் வந்துவிட்டன. ஆனால் வெளியே விடவில்லை. பழைய பொருள் என்பதால் சுங்கத்தில் கேள்வி. 'தானம்தான், விற்பனைக்கு அல்ல' என்று நீ மையால் கையெழுத்திட்ட தாள் வேண்டுமாம். போனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாது, அசல்தான் வேண்டும் என்கிறார், நமக்காக அங்கே அலையும் ஏஜென்ட் ஷரீப். தபாலில் அனுப்பு. பெறுபவர் என்று என் பெயரைப் போட்டதே தவறோ என்று தோன்றுகிறது. இதற்கெல்லாம் சாமர்த்தியம் உள்ள ஆள் நான் இல்லை.

அப்பா,
தங்கவேல்

லியோன், பிரான்ஸ்
1.3.2025

அன்புள்ள அப்பா,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை மட்டும் உறையில் போட மனம் வரவில்லை. கடிதம் எழுதி எத்தனை வருஷம்! ஞாயிறு போனில் "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஜன்னலோரத் தொட்டியில் கத்தரி விதை போட்டேன், இரண்டு இலை விட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் தினமும் என் முழுப்பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். பாதியில் மூச்சு வாங்குகிறது அவருக்கு.

செல்வி

கரியமாணிக்கம்
20.3.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சரியாகச் சொன்னால் நான்கு முறை. சுங்கத்தில் அடுத்த கேள்வி: ஒவ்வொரு நாற்காலியின் எண்ணையும் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரையுடன் ஒரு பட்டியல். அதுவும் அசல்.

கரும்பு லாரியில் காலை இழந்த எதிர்வீட்டுத் தனக்கொடிக்கு ஒன்று தருவதாக அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். "இன்னா பெரிப்பா, உம் பொண்ணு வுட்ட வண்டி கப்பல்ல வருதா, நீந்தி வருதா?" என்று தினமும் கேட்கிறாள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கித்தான் டவுன் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள்.

அப்பா,
தங்கவேல்

லியோன்
8.4.2025

அன்புள்ள அப்பா,

பட்டியல் இத்துடன். கத்தரி பிழைக்கவில்லை.

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளை ராஜ்மோகன் நவம்பரிலேயே என்னை விட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் "அவர் வேலைக்குப் போயிருக்கார்" என்று நான் சொன்னதெல்லாம் பொய். நேரில் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

செல்வி

கரியமாணிக்கம்
28.4.2025

அன்பு மகளுக்கு,

மூன்று தாள் கிழித்தேன், இது நான்காவது. உன்னிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

சுங்கத்துக்கு இன்னும் ஒரு தாள் தேவை. அனுப்புபவருக்குப் பெறுபவர் என்ன உறவு என்று எழுதி நீ கையெழுத்திட வேண்டும். அசல்.

அப்பா,
தங்கவேல்

லியோன்
17.5.2025

அன்புள்ள அப்பா,

உறவைக் கூடவா கேட்கிறார்கள்? 'பெறுபவர் என் தகப்பனார்' என்று எழுதிவிட்டேன். இதுவே கடைசித் தாளாக இருக்கட்டும், தனக்கொடி அக்கா பாவம். உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அன்று முழுக்க வேலை பார்த்தேன்.

செல்வி

கரியமாணிக்கம்
20.6.2025

அன்பு மகளுக்கு,

நேற்று முன்தினம் நாற்காலிகள் வந்து சேர்ந்தன. பன்னிரண்டும் பழுதில்லை. தனக்கொடி ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை தானே தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினாள். "தள்ளி நில்லு பெரிப்பா, ஆரன் இல்ல இதுல!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

உறவு பற்றிய தாளைச் சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை. பட்டியலைக் கொடுத்த மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. 'மகளிடமிருந்து இன்னொரு தாள் வர வேண்டும்' என்று ஷரீப்பிடம் சொல்லி, நான்தான் ஐந்து வாரம் நிறுத்திவைத்தேன். இடையில் தனக்கொடியை இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா ஒரு கடிதம் எழுது என்று உன்னிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. சுங்கம் கேட்கிறது என்றால் எழுதுவாய்.

இன்று காலை தனக்கொடியிடம் சொல்லிவிட்டேன். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி உன்னிடம் கேட்க ஒரு தாளும் இல்லை. உனக்கும் கோபம் வரும். வந்தால் அதை எழுது. ஞாயிறு போனில் மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா,
தங்கவேல்