அலுமாரிக்குள் இருந்த ஹப்

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்த காலத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கடிதத்திலும் சொல்ல வரவில்லை. இந்த ஒரு சொல்லுக்கு வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் பாருங்கள். எனக்கு உங்களோடு கோபம் இருக்கிறது.

நம் சேகர் சைக்கிளோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். உங்கள் மகன்தானே, வேறெதற்குக் கொடுப்பான்? உங்களைப் போலவே துறைமுகத்தில் வேலை, வேலை விட்டால் சைக்கிள். வீட்டின் பின்கோடிக்குள் சாத்திக் கிடந்த உங்கள் பந்தயச் சைக்கிளை எடுத்து, துருவை உரஞ்சி, பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டான். நீங்கள் விழுந்த அன்றைக்குச் சைக்கிள் சட்டத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. உங்களுக்குத்தான் எல்லாம் நடந்தது. முன்சில்லு நெளிந்து போனது. பின்சில்லை நானே கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். அதனால் அவனுக்கு இரண்டு சில்லும் புதிதாகக் கட்டவேண்டும்.

இப்போது கொழும்பிலிருந்து சாமான் தாராளமாக வருகிறது. ஒரு தயருக்கு நீங்கள் அலைந்த அலைச்சல் இல்லை. ஒரு சோடி அலுமினிய றிம்மும், சில்லின் நடுவில் வரும் இரண்டு ஹப்பும் வாங்கி வந்து மேசையில் வைத்தான். றிம்மை ஒரு விரலால் தூக்கிக் காட்டினான். பளபளவென்றிருந்தது. ஆனால் பின்சில்லுக்கு வாங்கிய ஹப்பில் சங்கிலிப் பற்சில்லைத் திருகும் புரி ஒன்றுதான் வெட்டியிருந்தது.

பந்தயச் சைக்கிளுக்கு பிறேக் இல்லை. ஓடுகிற மிதியைக் காலால் எதிர்த்து அழுத்தினால்தான் வேகம் அடங்கும். அப்படி அழுத்தும்போது பற்சில்லு கழன்றுவிடாமல் ஒரு பூட்டு வளையம் பிடிக்கவேண்டும். அந்த வளையத்துக்கு ஹப்பில் எதிர்த்திசையில் வெட்டிய இன்னொரு புரி வேண்டும். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். குசினிக் கதவடியில் நீங்கள் கம்பி கோக்க, சோறு அடிப்பிடிக்கப் பிடிக்கச் சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தானே.

அந்தப் புரி உள்ள ஹப் உங்களிடம் இருந்தது. துறைமுகத்தை விட்டுப் போகும்போது ஒரு வெள்ளைக்கார மாலுமி தந்தது. கம்பி கோக்க அதற்கு நாற்பது ஓட்டை. நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த அலுமினிய றிம்முக்கு முப்பத்தாறு. இரண்டும் சேராது. அந்த ஹப்பைப் போடுவதானால் பழைய இரும்பு றிம்மில்தான் போடவேண்டும்.

"இரும்பு சரியான பாரமப்பா. மைதானத்தில ஆர் நிப்பாட்டி நிப்பாட்டி ஓடுறது?" என்று சொன்னீர்கள். நல்ல ஹப்பைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வளையம் பூட்ட முடியாத ஒற்றைப் புரி ஹப்போடு போனீர்கள். மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லைத்தான். ஓடி முடித்து, உவர்மலை இறக்கத்தால் வீட்டுக்கு வரும்போது மிதியை எதிர்த்து அழுத்தினீர்கள். பற்சில்லு கழன்றது. கீழே மதகு இருந்தது. சேகருக்கு அப்போதுதான் பால்பல்லு விழத் தொடங்கியிருந்தது.

றிம் பாரம் என்றீர்களே, நானும் பிள்ளையும் உங்களுக்குப் பாரமாக இருந்தோமா? இத்தனை வருஷமாகக் கேட்கிறேன்.

சேகரிடம் சொன்னேன். அவனுக்குத் தெரியாத கதையா? ஆனாலும் உங்கள் வாயாலேயே பதில் சொல்கிறான்.

"நான் மைதானத்தில மட்டும்தான் ஓடுவன் அம்மா. அங்க நிப்பாட்டத் தேவையில்ல."

"பிறகு வீட்டுக்குப் பறந்தோ வரப்போறாய்?" என்று கேட்டேன்.

கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் மார்க்கெட்டடியில் உள்ள றசீத் நானாவின் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். உங்கள் கடைசிச் சில்லைக் கட்டியவர் அவர்தான். நீங்கள் கேட்டுத்தான் கட்டினார். ஆனாலும் அதன் பிறகு நான் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. போன வேகத்திலேயே திரும்பி வந்தான் பெடியன். நானா முன்சில்லைக் கட்ட ஒத்துக்கொண்டாராம். அந்த ஹப்பென்றால் பின்சில்லைத் தொடவே மாட்டேன் என்றாராம்.

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து, நீங்கள் உடுத்த சாரத்தில் சுற்றி வைத்திருந்த ஹப்பை எடுத்தேன். கோடிக்குள் கிடந்த பழைய இரும்பு றிம்மையும் தூக்கி, சேகரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நானா எழுந்து நின்றார். தாடியெல்லாம் வெள்ளை.

"இதுல கட்டுங்கோ நானா" என்றேன்.

அவர் சாரத்தை விரித்து, ஹப்பைக் கையில் எடுத்து இரண்டாவது புரியை விரலால் தடவினார். பிறகு, "இது எங்க போச்சுதெண்டு அண்டைக்கே நான் கேட்டிருக்கோணும் தங்கச்சி. அவர் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சார், நானும் கட்டிக் குடுத்திட்டன். இன்னொருக்கா அப்பிடிக் கட்ட எனக்கு ஏலா" என்றார். நான் அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

சேகர் வாசலில் நின்று முணுமுணுத்தான். "இரும்பில ஓடினா நான் கடைசியாத்தான் வருவன்."

"கடைசியா வா. வீட்டுக்கு வந்தாக் காணும்" என்றேன். "முன்சில்லு உன்ர விருப்பம். பின்சில்லு என்ர விருப்பம்."

அப்படித்தான் கட்டியிருக்கிறது. முன்னுக்கு அலுமினியம், பின்னுக்கு இரும்பு. மாப்பிள்ளைக்கு ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் செருப்பு போட்டதுபோல இருக்கிறது. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மிஞ்சிய அலுமினிய றிம்மை அவன் கட்டிலுக்கு மேல் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறான். தூசு தட்டப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். அந்த ஒற்றைப் புரி ஹப் எங்கே என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நானா இல்லாவிட்டால் கட்டிக் கொடுக்க ஊரில் வேறு ஆளா இல்லை? நீங்களும் என்னிடம் சிரித்துவிட்டுத்தானே போனீர்கள்.

இன்று காலை அவன் பின்வளவில் முகம் கழுவும்போது, போய்ப் பூட்டு வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. நிமிர்ந்தால் சேகர் துவாயோடு நிற்கிறான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சைக்கிளைப் பிடித்து, நான் வடிவாகப் பார்க்கட்டும் என்று பின்சில்லைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

இன்றைக்குக் காட்டினான். நாளைக்கும் காட்டுவானா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் காட்டினாலும் காட்டாவிட்டாலும், ஊர் சிரித்தாலும், இந்த வாசல் படலையைத் தாண்டமுன் அந்த வளையத்தில் என் கை படும். உங்களை நம்பி அனுப்பினேன். இவனைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மகனின் தாய்