கேண்டீன் கிணற்றில் வெள்ளி

10 ஜூன் 2024, திங்கள்

ஆய்வகத்தில் மறுபடியும் அந்தக் கரைப்பானின் மீன் வாடை. தலைமுடி, துப்பட்டா, சோற்றுப் பொதி எல்லாம் நாறுகிறது. சிலந்தி நூலைவிட மெல்லிய இழையில் சவ்வு செய்கிறேன். தண்ணீரில் கலந்திருக்கும், கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகளை அது பிடிக்கும். அம்மாவுக்கு இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். "வெள்ளிய போய் எதுக்குட்டி களையுதிய?" என்கிறாள்.

14 ஜூன், வெள்ளி

சோதிக்க அனுப்பிய தண்ணீருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ரிசல்ட். சவ்வு வேலை செய்கிறது! ஆனால் இது என்ன கூத்து? நான் வெள்ளி கலந்து வடிகட்டிய தண்ணீரைவிட, ஒன்றுமே கலக்காமல் பிளாங்க் என்று ஒப்பிட வைத்த கேண்டீன் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளி கூடுதல். பாட்டிலை ஒழுங்காகக் கழுவவில்லையோ? திரும்ப அனுப்பினேன்.

26 ஜூன்

அதே கதை. பாட்டில் இல்லை, கிணறுதான்.

27 ஜூன்

ஆய்வகத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாங்கள் சிங்க்கில் ஊற்றுவது எல்லாம் — வெள்ளித் தண்ணீர், கரைப்பான் — செங்கல் இடிந்த ஒரு குழிக்குள் விழுகிறது. பச்சையும் கறுப்புமாக நுரை. அதை ஒட்டியே கேண்டீன் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் லீலாபாய் அக்கா டீ போடுகிறாள். காலையில் நானும் குடித்தேன். சீ! தண்ணீரைச் சுத்தம் பண்ண வந்த ஆட்களாம் நாங்கள். தூ.

28 ஜூன்

என் கைடு ராஜகுமார் சார் சிரிக்கிறார். "வெள்ளிச் சங்கில பாலு குடிச்சு வளந்தவங்கதான மக்கா நம்ம? சவத்த விடு. பாட்டில் தண்ணி வாங்கி பிளாங்குன்னு வச்சு எழுது."

இந்த ஆள் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு முனைவர் பட்டம்.

1 ஜூலை

கல்லூரி முதல்வரிடம் ரிசல்ட்டைக் கொடுத்தேன். "பாப்போம்" என்றார்.

3 ஜூலை

பார்த்துவிட்டார். கேண்டீனைப் பூட்டிவிட்டார்கள்! கதவில் நோட்டீஸ்: ‘சுகாதாரக் குறைவு காரணமாக.’ ஆய்வகம் ஜம்மென்று நடக்கிறது. லீலாபாய் அக்கா பாத்திரங்களோடு வெளியே நிற்கிறாள். "நாங்களா மக்கா கெணத்துல அழுக்கு போட்டோம்?" இவ்வளவு அசிங்கம் பிடித்தவர்களா இந்த மனுஷர்கள்?

ரிசல்ட்டை நகலெடுத்தேன். ‘இது ஆய்வக சிங்க்கிலிருந்து வந்தது’ என்று எழுதி, கீழே என் பெயரும் போட்டு, அந்த நோட்டீஸ் மேலேயே ஒட்டினேன்.

4 ஜூலை

"வேற கைடு பாத்துக்கோ." அவ்வளவுதான் சார் சொன்னது.

12 ஆகஸ்ட்

கேண்டீன் திறந்தாயிற்று. சிங்க் குழாயை அறுத்துத் தனித் தொட்டிக்கு விட்டிருக்கிறார்கள். டீக்கு லாரித் தண்ணீர். எனக்கு இன்னும் கைடு கிடைக்கவில்லை.

லீலாபாய் அக்காவிடம் டீ கேட்டேன்.

"இண்ணைக்கு சிங்க்ல என்னத்த ஊத்துனிய?"

"ஒண்ணும் இல்லக்கா."

டீயை நீட்டினாள். தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்திருந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை அதைத் தொடவில்லை.